மறுபூஜை மறந்த பட்டறை

பம்புக்காரர் காலனியின் பொதுப் பட்டறையில் ஒரு கட்டிங் பிளேயரைத் தூக்கப் போன ஏழு பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்த அந்த வெள்ளிக்கிழமை, முந்தின நாள் மறுபூஜை செய்யாமல் விட்டது யார் என்ற கேள்வி எழுந்தது. காலனியில் எல்லோரும் என்னைத்தான் கை காட்டினார்கள், இன்றைக்கும் காட்டுகிறார்கள். நான் காலனிக் கமிட்டியின் துணைச் செயலாளர் என்பதால் பாதியை ஒப்புக்கொள்கிறேன். மீதிப் பாதி தலைவர் வெள்ளியங்கிரியைச் சேர்ந்தது, அதை நான் எந்தக் காலத்திலும் விட்டுக்கொடுக்கப் போவதில்லை.

கோயமுத்தூருக்கு வடக்கே இருந்த பம்பு கம்பெனி மூடப்பட்டபோது, நாற்பது தொழிலாளிகளுக்கு ஆளுக்கொரு துண்டு நிலமும், பிரிவு நினைவாக ஆளுக்கொரு கருவியும் கொடுத்தார்கள். ஒருவனுக்கு ஏணி கிடைத்தது, ஒருவனுக்கு டிரில்லிங் மிஷின் கிடைத்தது, எனக்கு ஒரு சுத்தியல் கிடைத்தது. ஏணி கிடைத்தவன் ஏறி நின்று என்ன செய்வான், சுத்தியல் கிடைத்தவன் எதைத்தான் அடிப்பான் என்று யோசித்து, நாற்பது கருவிகளையும் ஒரே கொட்டகையில் போட்டு, அதற்குப் பொதுப் பட்டறை என்று பெயர் வைத்தோம். சுவரில் ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் கறுப்புப் பெயிண்டில் வரைந்து, மேலே ஓர் ஆணி அடித்தோம். கருவியை எடுப்பவர் தன் பழைய கம்பெனி டோக்கனை, அதில் பொறித்த எண்ணையே வீட்டுக்கும் எண்ணாக வைத்துக்கொண்ட அந்தப் பித்தளை வில்லையை, ஆணியில் மாட்டிவிட்டுப் போக வேண்டும். திருப்பி மாட்டும்போது டோக்கனை எடுத்துக்கொள்ள வேண்டும். ‘எடுத்ததை எடுத்த நிலையில் திருப்பித் தரவும்’ என்று வாசலில் ஒரு போர்டும் உண்டு. அதை எழுதியவனும் நான்தான், அதை முதலில் மீறியவனும் நான்தான்.

மீறினால் என்ன, குப்புராஜ் இருக்கிறாரே என்ற தைரியம். இருபத்திரண்டாம் நம்பர் வீட்டுக் குப்புராஜ் கம்பெனியில் மராமத்துப் பிரிவில் இருந்தவர். நாங்கள் சிமெண்டுத் தூளோடு கொண்டுவந்து போடும் டிரில்லிங் மிஷினை ஊதித் துடைத்து, தேய்ந்த கார்பன் கட்டையை மாற்றி, பைப் ரென்ச்சின் பல்லுக்குப் பல் மண்ணெண்ணெய் விட்டுத் தேய்த்து, ஏணியின் ஆடும் படிக்கு ஆப்பு வைத்து, மறுநாள் காலையில் ஒன்றும் நடக்காதது மாதிரி சுவரில் மாட்டி வைத்திருப்பார். எந்தக் கருவியும் பழுதாகாததால் அவர் என்ன வேலை செய்கிறார் என்று எங்களுக்குத் தெரியவில்லை. அவர் வருவதை மட்டும் தெரிந்துகொள்வோம், ஏனென்றால் அவருடைய இரண்டு முட்டிகளும் நடக்கும்போது கதவுக் கீல் மாதிரி கிறீச்சிடும். அவர் மனைவி மயிலாத்தாள் தினமும் காலையில் வாசலில் நின்று ஒரே விஷயத்தைச் சொல்வார்.

“ஏனுங்க, ஊர் மிஷினுக்கெல்லாம் எண்ணெய் போடறீங்க, உங்க முட்டிக்கு ஒரு சொட்டுப் போட உடமாட்டீங்களா? கோபிக்கு எந் தங்கச்சி ஊட்டுக்கு ஒரு வாரம் போயிட்டு வரலாம்னு எத்தன வருசமாச் சொல்றேன்.”

“இந்த டிரில்லிங் மிஷினுக்கு கார்பன் மாத்திட்டுப் போலாம் மயிலு,” என்பார் குப்புராஜ். இருபத்திரண்டு வருடமாக அந்தக் கார்பன் மாறிக்கொண்டே இருந்தது.

ஆயுத பூஜையன்று நாற்பது கருவிகளையும் இறக்கி, துடைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, பொரியும் சுண்டலும் படைத்துக் கும்பிடுவோம். அதற்குப் பிறகு யாரும் தொடக் கூடாது. மறுநாள் விஜயதசமியன்று சின்னதாக மறுபூஜை செய்து, கருவிகளைப் பீடத்திலிருந்து எடுத்து, பேருக்கு ஒரு ஆணியாவது அடித்து, வேலையை மறுபடி தொடங்கி வைக்க வேண்டும். அந்த வருடம் தலைவர் வெள்ளியங்கிரி விஜயதசமி விடிகாலையில் பேத்திக்குக் காது குத்தப் பழனிக்குக் கிளம்பிப் போனார், மறுபூஜையை நான் செய்வேன் என்று நினைத்துக்கொண்டு. நான் அவர் செய்துவிட்டுத்தான் போயிருப்பார் என்று நினைத்துக்கொண்டு மத்தியானம் வரை தூங்கினேன். குப்புராஜ் மட்டும் குளித்து, விபூதி பூசி, பட்டறை வாசலில் ஸ்டூல் போட்டு நாள் முழுக்க உட்கார்ந்திருந்தார்.

“நீங்களே பண்ணியிருக்கலாமே குப்பண்ணா,” என்று பிறகு கேட்டேன்.

“பூஜ பண்றது கமிட்டி வேலைங்க. தொடைக்கறது எம்பட வேல. யாராச்சும் வருவாங்கன்னு பாத்தனுங்க,” என்றார்.

இப்படியாக, கும்பிட்டுவிட்டு விடுவிக்காமல் விட்ட நாற்பது கருவிகளும் தெய்வங்களாகவே இருந்துவிட்டன. வெள்ளிக்கிழமை காலையில் கட்டிங் பிளேயரை எடுக்கப் போனவனுக்கு அது தேரின் கனம் கனத்தது. ஸ்க்ரூ டிரைவரைக் கடப்பாரை போட்டு நெம்பினோம், கடப்பாரை வளைந்தது. பழனியிலிருந்து திரும்பிய வெள்ளியங்கிரி, மொட்டைத் தலையில் சந்தனத்தோடு வந்து பார்த்து, ஃபவுண்டரியில் போர்மேனாக இருந்த காலத்தில் இரும்பு எப்போது உருகும் என்று சொல்வாரே அதே குரலில், “சாமி உக்காந்துருச்சு,” என்றார். “பஞ்சாங்கப்படி மறுபூஜைக்கு ஒரே நாள்தான். இனி அடுத்த விஜயதசமிதான்.” யாரும் அதிர்ச்சியடையவில்லை. ஒரு வருடத்துக்குக் குழாய் சொட்டினால் என்ன செய்வது என்பதுதான் எங்களுடைய ஒரே கவலையாக இருந்தது.

வழியைக் கண்டுபிடித்தவர் பதினாலாம் நம்பர் வீட்டுச் சுலோச்சனா. காலனி முழுவதற்கும் தோசை மாவு அரைத்துக் கொடுப்பவர். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவருடைய கிரைண்டர் பாதி உளுந்தில் நின்றுபோனது. ஸ்பேனரிடம் கெஞ்சிக்கொண்டு அவர் பட்டறையில் நின்ற நேரத்தில், மாரியம்மன் கோயில் ஊர்வலம் முடிந்து நாகசுரக்காரர் பெரியதம்பியும் தவில்காரரும் வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு ராகத்தை மிச்சம் வைக்க மனமில்லாமல் வாசித்துக்கொண்டே அந்தப் பக்கம் வந்தார்கள். தவில் சத்தம் கொட்டகையில் பட்டதும் பன்னிரண்டாம் நம்பர் ஸ்பேனர் ஒரு சாண் உயரம் எழும்பி, சுலோச்சனாவின் முந்தானையில் போய் உட்கார்ந்துகொண்டது.

“அண்ணா, வாசிக்கறத நிறுத்திராதீங்க,” என்று சொல்லிவிட்டு சுலோச்சனா நடந்தார். முன்னால் ஸ்பேனர், பின்னால் மேளம். கிரைண்டரின் நட்டு நாலு சுற்றில் இறுகியது. அன்று ராத்திரி காலனியில் எல்லா வீட்டிலும் தோசை.

அதன் பிறகு எங்கள் வாழ்க்கை புறப்பாடுகளால் நிறைந்தது. மேளம் கொட்டி, குடை பிடித்து, மரியாதையோடு அழைத்தால் கருவிகள் பூப்போல வந்தன, வந்த இடத்தில் வேலையைச் செய்தன, மேளத்தோடு திரும்பின. கட்டிங் பிளேயருக்குத் தாம்பாளமும் பட்டுத்துணியும் போதும். பைப் ரென்ச்சுக்குத் தவில் பலமாக இருக்க வேண்டும். ஏணியை நாலு பேர் தோளில் தூக்கி, இரண்டு பக்கமும் சாமரம் வீசிக் கொண்டுபோக வேண்டும், நடுவில் யாராவது செல்போனில் பேசினால் அங்கேயே படுத்துக்கொள்ளும். ஒரு ட்யூப்லைட் மாற்ற ஒன்றரை மணி நேரம் ஆனது. ஆனாலும் பாருங்கள், அந்த ஒன்றரை மணி நேரத்தையும் தெருவே நின்று பார்த்தது, ட்யூப்லைட் எரிந்தபோது பெண்கள் குலவையிட்டார்கள், அத்தனை பேருக்கும் சுண்டல் கிடைத்தது. பெரியதம்பி எங்கள் காலனியிலேயே ஒரு வீட்டில் தங்கிக்கொண்டார். எனக்கு இரண்டு சட்டைகள் பத்தாமல் போயின, அவ்வளவு சுண்டல்.

பக்கத்து நகர்களிலிருந்து ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். வீட்டு வரைபடத்துக்கு அனுமதி கிடைக்காதவர்கள் மட்டக்கோலைச் சுற்றி வந்தார்கள். கல்யாணம் தள்ளிப்போகிறவர்கள் பெஞ்ச் வைஸின் இரண்டு தாடைகளுக்கு நடுவில் மஞ்சள் கயிறு வைத்து இறுக்கிவிட்டுப் போனார்கள், இரண்டு பேருக்கு நிஜமாகவே வரன் அமைந்தது. வெள்ளியங்கிரி தினமும் காலையில் அபிஷேகம் செய்ய ஏற்பாடு செய்தார். முதலில் பால், பிறகு இளநீர், கார்த்திகையிலிருந்து பஞ்சாமிர்தம். டிரில்லிங் மிஷினின் காற்றுத் துவாரங்கள் வழியாகப் பஞ்சாமிர்தம் உள்ளே இறங்கியபோது, குப்புராஜ் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன்.

“தலைவருங்க, பாலு வேண்டாமுங்க. இரும்பு தாங்காது. கொஞ்சம் கிரீஸ் போட உடுங்க,” என்று அவர் ஒருநாள் கேட்டார்.

“சாமிக்கு கிரீஸ் போடறதா? என்ன பேச்சு பேசற குப்பு,” என்றார் வெள்ளியங்கிரி. அவருடைய எண்ணெய்க் கேனும் அழுக்குத் துணியும் கொட்டகைக்கு வெளியே வந்து விழுந்தன.

அதற்குப் பிறகு குப்புராஜ் பட்டறைக்கு வெளியே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவருக்கு வேறு போக்கிடம் கிடையாது, வேறு எதிலும் மனசு ஒட்டாது. “துரு புடிக்கற சத்தம் எனக்குக் கேக்குதுங்க,” என்று ஒரு சாயங்காலம் என்னிடம் சொன்னார். நான் கையிலிருந்த சுண்டலை அவருக்குக் கொஞ்சம் கொடுத்தேன். அவர் வாங்கவில்லை.

மார்கழிக் கூட்டத்தில் தீர்மானம் வந்தது. தை ஒன்றாம் தேதி காலை பத்தரை மணிக்குப் பட்டறைக்கு ‘ஆயுத நாயகர் சன்னதி’ என்று பெயர் மாற்றுவது, தெய்வங்கள் பழுதாவதில்லை என்பதால் மெக்கானிக் தேவையில்லை, குப்புராஜ் அன்றே சாவியைத் தலைவரிடம் ஒப்படைத்துவிட வேண்டியது. முப்பத்தெட்டு பேர் கை தூக்கினார்கள். அதில் என் கையும் ஒன்று. தப்பு என்று அப்போதே தெரியும், தெரிந்தேதான் தூக்கினேன், அதை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. இருபத்திரண்டு வருடம் இடுப்பில் தொங்கிய சாவியை அவர் தொட்டுப் பார்த்துக்கொண்டார். எழுந்து போகும்போது முட்டி கிறீச்சிட்டது.

பொங்கலன்று காலை தெருவெல்லாம் கரும்பு கட்டி, மைக் செட் வைத்து, நாங்கள் காத்திருந்தோம். பெரியதம்பி குழு பொங்கலுக்கு ஒத்துக்கொண்ட மூன்று ஊர்களுக்குப் போயிருந்தது, சாயங்காலம்தான் வரும். அதனால் என்ன, சாவி வாங்கத் தலைவர் இருந்தால் போதும் என்றிருந்தோம். ஒன்பது மணிக்குக் குளிக்கப் போன தலைவர் ஒன்பதே முக்காலுக்கும் வெளியே வரவில்லை. வெள்ளியங்கிரி தன் குளியலறைக் கதவை ஃபவுண்டரித் திறமை அத்தனையும் காட்டித் தானே செய்திருந்தார். கால் அங்குல இரும்புத் தகடு, உள்பக்கம் கட்டைவிரல் பருமனில் ஒரு தாழ்ப்பாள். யானை முட்டினாலும் அசையாது என்று புதுமனைப் புகுவிழாவில் எல்லோருக்கும் தட்டிக் காட்டினார். அந்தத் தாழ்ப்பாள் இறுகிவிட்டது.

காற்று வரும் சின்ன ஜன்னலில் அவருடைய முகம் மட்டும் தெரிந்தது. முதலில் சர்க்கரை மாத்திரையை நீட்டினோம், பிறகு ஒரு தட்டில் பொங்கலைச் சாய்த்து நீட்டினோம்.

“பைப் ரென்ச்ச எடுத்துட்டு வாங்கடா,” என்றார் முகம்.

“மேளம் இல்லீங்க தலைவரே,” என்றேன்.

“மைக் செட்ல நாகசுரம் போட்டு உடு.”

போட்டோம். ரென்ச் அசையவில்லை. அதற்குக் கேசட் மரியாதை போதவில்லை. எட்டுப் பேர் கயிறு கட்டி இழுத்தோம், கயிறு அறுந்து எட்டுப் பேரும் பிரசாதத் தட்டில் விழுந்தோம். ஸ்கூல் பிள்ளைகளின் பேண்டு டிரம்மை அடித்துப் பார்த்தோம். சுலோச்சனா தாம்பாளத்தைக் கரண்டியால் தட்டிக்கொண்டே கெஞ்சிப் பார்த்தார். பத்தரை மணி தாண்டிப் பதினொன்று ஆனது. தலைவர் ஈரத் துண்டோடு உள்ளே தும்ம ஆரம்பித்தார். எழுபது வயது மனிதர், கொஞ்சம் பயம் வந்துவிட்டது எங்களுக்கு.

அந்த நேரம் பார்த்து, சொன்ன சொல் தவறாத குப்புராஜ் சாவியை ஒப்படைக்க வந்தார். பட்டறைக்குள் நுழைந்தவர், சுற்றி நின்ற கூட்டத்தையோ அறுந்த கயிற்றையோ பார்க்கவில்லை. பீடத்தில் கிடந்த பைப் ரென்ச்சைத்தான் பார்த்தார். அதன் பற்களுக்குள் பஞ்சாமிர்தம் காய்ந்து, எறும்பு வரிசை போய்க்கொண்டிருந்தது.

“அடப் பாவமே, உன்ன இப்பிடியா பண்ணி வெச்சிருக்காங்க,” என்று முணுமுணுத்தார். வெளியே போனார், தன் அழுக்குத் துணியை மண்ணெண்ணெயில் நனைத்துக்கொண்டு வந்தார், ரென்ச்சைத் துடைக்க ஆரம்பித்தார். எறும்புகளை ஊதினார். பிறகு, பல்லிடுக்கு சரியாகத் தெரியவில்லை என்று, அந்த ரென்ச்சை ஒரு கையால் எடுத்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

கொட்டகையில் இருந்த அத்தனை பேரும் அவர் கையையே பார்த்தோம்.

“என்னுங்க, எல்லாரும் இப்பிடிப் பாக்கறீங்க?” என்றார் குப்புராஜ். கையில் ரென்ச் இருப்பது அவருக்கு உறைக்கவே இல்லை.

மூன்று மாதமாக நாங்கள் ஒவ்வொருவரும் அந்தக் கருவிகளிடம் போனதெல்லாம் ஏதாவது வாங்கிக்கொள்ளத்தான். குழாய் சரியாக வேண்டும், வரன் அமைய வேண்டும், சுண்டல் வேண்டும். அதற்கு ஏதாவது செய்வோம் என்று ஒருவனும் கிட்டப் போகவில்லை. பழுது பார்க்க வந்தவன் கைக்கு அவை எப்போதும் போல லேசாகவேதான் இருந்திருக்கின்றன.

சுலோச்சனாவுக்கு முதலில் புரிந்தது. “குப்பண்ணா, தொடைக்கறத நிறுத்தாம அப்பிடியே தலைவரு ஊட்டுக்கு நடங்க,” என்றார். குப்புராஜ் ரென்ச்சின் தாடையைத் துடைத்துக்கொண்டே, கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே, திருகும் மரையைத் துடைத்துக்கொண்டே நடந்தார், அவர் பின்னால் நாங்கள் நடந்தோம். மேளம் இல்லை, குடை இல்லை, இரண்டு முட்டிகளின் கிறீச் சத்தம் மட்டும். ஜன்னலில் இருந்த முகம் காதைத் தீட்டியது.

“குப்புராஜா வர்றது?”

“ஆமாங்க தலைவரே. மரையில இன்னும் கொஞ்சம் பஞ்சாமிர்தம் இருக்குது, அத எடுத்துட்டா முடிஞ்சுது.”

“எம்பட கதவ மொதல்ல தொறடா சாமி.”

தலைவர் கெஞ்சி நாங்கள் பார்த்ததில்லை. குப்புராஜுக்கு மனசு இளகிவிட்டது. துடைப்பதைப் பாதியில் நிறுத்தி, துணியைத் தோளில் போட்டு, கதவுக் கைப்பிடியில் ரென்ச்சைக் கடிக்க வைத்தார். வேலை வாங்கும் எண்ணம் வந்த அந்த நொடியில் தேரின் கனம் முழுவதும் ரென்ச்சில் வந்து இறங்கியது. கைப்பிடி வளைந்து, தாழ்ப்பாள் பிடுங்கிக்கொண்டு, கால் அங்குல இரும்புக் கதவும் நிலையும் சுவரில் ஆறு செங்கலுமாகச் சேர்ந்து தரையில் விழுந்தன. தூசி அடங்கியபோது வெள்ளியங்கிரி ஈரத் துண்டோடு, பொங்கல் தட்டோடு, மூக்கில் செங்கல் பொடியோடு நின்றிருந்தார்.

“பாதி சர்வீஸ்ல எடுத்தா எந்த மிஷின்தானுங்க ஒத்துக்கும்,” என்று வருத்தப்பட்டார் குப்புராஜ். பிறகு ஞாபகம் வந்து, இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டினார்.

வெள்ளியங்கிரி சாவியைப் பார்த்தார், கீழே கிடந்த கதவைப் பார்த்தார். “நீயே வெச்சுக்கோ குப்பு,” என்றார்.

“வெச்சுக்கறனுங்க. மொதல்ல அந்தப் பஞ்சாமிர்தத்த நிறுத்தச் சொல்லுங்க.”

மூன்று நாள் குப்புராஜ் கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. நாற்பது கருவிகளையும் கழற்றி, துடைத்து, துருவைச் சுரண்டி, எண்ணெய் போட்டு மாட்டினார். மாட்டியதும் அவை எல்லோர் கைக்கும் லேசாயின, மேளமில்லாமல் வந்தன, வேலை செய்தன. ஒரே ஒரு மாற்றம்தான். அழுக்கோடு திருப்பிக் கொண்டுவந்தால், பட்டறை வாசலில் காலை வைத்ததும் பழையபடி கனத்துவிடும். ஆணியில் மாட்ட முடியாது. மாட்டினால்தானே டோக்கனை எடுக்க முடியும்? மாசி மாதத்தில் நான் மாடிச் சுவரில் துளை போட்டுவிட்டுச் சிமெண்டுத் தூளோடு கொண்டுவந்த டிரில்லிங் மிஷின் என் காலருகே தரையில் உட்கார்ந்துகொண்டது. என்னுடைய ஒன்பதாம் நம்பர் டோக்கன், போவோர் வருவோர் எல்லாம் பார்க்கும்படி, ஆறு நாள் ஆணியில் தொங்கியது. ஆறாம் நாள் நான் குப்புராஜிடம் போய் கார்பன் மாற்றுவது எப்படி என்று கேட்டுத் தெரிந்துகொண்டேன். ஆனி மாதத்துக்குள் காலனியில் நாற்பது வீட்டிலும் ஓர் எண்ணெய்க் கேன் இருந்தது.

அடுத்த ஆயுத பூஜை வந்தது. இந்த முறை மறுபூஜை செய்துவிட்டால் கருவிகள் சாதாரணக் கருவிகளாகிவிடும், நாங்களும் சாதாரண ஆட்களாகிவிடுவோம் என்ற பயம் எல்லோருக்கும் இருந்தது. பொதுக்குழு கூடி, நாளை மறுபூஜையை மறந்துவிடுவது என்று ஏகமனதாகத் தீர்மானித்தது. மறக்கும் பொறுப்பு, அனுபவம் உள்ளவர்கள் என்ற முறையில், எனக்கும் தலைவருக்கும் தரப்பட்டது.

இன்னொரு தீர்மானமும் போட்டோம். குப்புராஜுக்கு ஏதாவது மரியாதை செய்ய வேண்டும் என்று எல்லோருக்கும் அரித்துக்கொண்டிருந்தது. அவரைச் சுவரோடு நிறுத்தி, கருவிகளுக்கு நடுவே அவர் உருவத்தையும் கறுப்புப் பெயிண்டில் வரைந்தோம். தலைக்கு மேலே ஓர் ஆணி அடித்தோம். பூஜை நேரத்தில் டிரில்லிங் மிஷினுக்கும் பெஞ்ச் வைஸுக்கும் நடுவில் அவரை ஸ்டூலில் உட்கார வைத்து, சந்தனம் குங்குமம் வைத்து, மாலை போட்டு, சூடம் காட்டினோம். அவர் கூச்சத்தில் நெளிந்தார். கண்ணிலிருந்து நீர் வழிந்து சந்தனத்தைக் கரைத்தது.

சுண்டல் கொடுத்து முடித்து எல்லோரும் கிளம்பியபோதுதான் குப்புராஜால் எழுந்திருக்க முடியவில்லை என்று தெரிந்தது.

ஏழு பேர் பிடித்தோம், ஏழு பேருக்கும் இடுப்பு போயிற்று. செய்தி கேட்டு ஒவ்வொருவராக வந்தார்கள். “குப்பண்ணா, எந்திரிங்க, மோட்டார் காயில் பொகையுது,” என்றார் ஒருவர். “குப்பு, எம்பட புதுக் கதவுத் தாழ்ப்பாளு மறுபடி இறுகுது,” என்றார் வெள்ளியங்கிரி. “கிரைண்டர் பெல்ட்டு,” என்றார் சுலோச்சனா. ஒவ்வொரு வேலையைச் சொல்லும்போதும் ஸ்டூல் கால்கள் சிமெண்டுத் தரைக்குள் அரை விரல்கடை இறங்கின.

“எனக்கொண்ணும் சிரமமில்லீங்க,” என்றார் குப்புராஜ், ரொம்ப நிதானமாக. “சும்மா உக்காந்திருக்கறது இப்பிடி இருக்கும்னு தெரியாமப் போச்சு.”

அப்போது மயிலாத்தாள் வந்தார். கையில் ஒரு கிண்ணம், அதில் காய்ச்சிய நல்லெண்ணெய். கூட்டம் தானாக விலகியது. அவர் யாரிடமும் ஒன்றும் கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்து, கணவரின் வேட்டியை முட்டிக்கு மேல் ஏற்றி, முதலில் வலது முட்டியில், பிறகு இடது முட்டியில் எண்ணெய் விட்டு, வட்டம் வட்டமாகத் தேய்த்தார். மாலையைக் கழற்றினார். நெற்றிச் சந்தனத்தை முந்தானையால் துடைத்தார். பிடரியில் கொஞ்சம், உச்சியில் கொஞ்சம் எண்ணெய் வைத்தார். இருபத்திரண்டு வருடத்துச் சிமெண்டுத் தூள் எத்தனை இருந்ததோ, அந்த முந்தானை கறுத்துப்போனது.

“எந்திரிங்க,” என்று இரண்டு விரலை நீட்டினார். அந்த இரண்டு விரலைப் பிடித்துக்கொண்டு குப்புராஜ் பூப்போல எழுந்தார். முட்டியில் சத்தமே இல்லை. அவர் குனிந்து தன் முட்டிகளைச் சந்தேகமாகப் பார்த்துக்கொண்டார்.

எங்களுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “அப்ப மோட்டாரு...” என்று யாரோ ஆரம்பித்தார்கள்.

மயிலாத்தாள் மடியிலிருந்து தங்கள் வீட்டு டோக்கனை, இருபத்திரண்டாம் நம்பர் பித்தளை வில்லையை எடுத்தார். சுவரில் குப்புராஜின் உருவத்துக்கு மேலே இருந்த ஆணியில் அதை மாட்டினார். பிறகு வாசலில் நான் எழுதி வைத்த போர்டை ஒருமுறை நின்று படித்துவிட்டு, கணவரின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஸ்டாப்பை நோக்கி நடந்தார். கோபி போகும் பஸ் வந்தது, ஏறினார்கள், போய்விட்டார்கள்.

விதி விதிதான், டோக்கன் தொங்கும்போது யாரும் கேட்க முடியாது. கருவிகளைத் துடைத்து எண்ணெய் போட்டு எடுத்து, மோட்டாரை நாங்களே கழற்றினோம், பெல்ட்டை நாங்களே மாட்டினோம், தலைவரின் தாழ்ப்பாளுக்கு நான் எண்ணெய் விட்டேன். பத்தாம் நாள் காலையில் மயிலாத்தாள் குப்புராஜைக் கொண்டுவந்து பட்டறை வாசலில் விட்டு, ஆணியிலிருந்து டோக்கனை எடுத்துக்கொண்டார். குப்புராஜ் கொஞ்சம் சதை போட்டிருந்தார், முடி வெட்டியிருந்தார், புதுச் செருப்பு போட்டிருந்தார், மச்சினி வீட்டில் கற்றுக்கொண்ட ஏதோ ஒரு பாட்டை வாய்க்குள் முனகிக்கொண்டே உள்ளே போனார். இருபத்திரண்டு வருடத்தில் எங்கள் பட்டறையிலிருந்து எடுத்துப்போனதில், எடுத்ததை விட நல்ல நிலையில் திரும்பி வந்தது அவர் ஒருவர்தான்.